சந்தன ஸ்பைக் நோயும் மரபணுச் சோதனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சந்தனம் நட்டவர்கள், வனத்துறைக் களப்பணியாளர்கள், ஆய்வகத்தில் புதிதாகப் பிப்பெட் பிடிக்கும் மாணவர்கள் ஆகிய மூன்று தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறேன். அடிப்படை தெரிந்தவர்கள் நேராக சாம்பிள் பற்றிய கேள்விக்குப் போய்விடலாம். பெரும்பாலான தகராறு அங்கேதான் தொடங்குகிறது.

சந்தனத்துல ஸ்பைக் நோய்னா என்ன? பார்த்தாலே தெரிஞ்சிடுமா?

ஸ்பைக் பிடித்த கிளையில் ஒவ்வொரு புதுத் துளிரும் முந்தையதைவிடச் சின்னதாகவும் குறுகலாகவும் வரும். கணுக்களுக்கு இடையிலான தூரம் குறையும். கடைசியில் இலைகள் வெளிறி விறைத்து, கிளையைச் சுற்றிக் குத்திட்டு நிற்கும். பூ பெரும்பாலும் வராது. வந்தாலும் இதழ் பச்சை இலையாகத் திரிந்துவிடும், காய் பிடிக்காது. அறிகுறி தெரிந்த சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். கிளைகள் நீண்டு தொங்கும் இன்னொரு வகையும் உண்டு, அது அபூர்வம்.

முற்றிய நோயை அனுபவமுள்ள வனக்காவலர் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். ஆரம்பக் கட்டத்தில்தான் சிக்கல். சந்தனம் பாதி ஒட்டுண்ணி. பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைப் பொருத்தி நீரும் சத்தும் உறிஞ்சும். துவரை, சவுக்கு மாதிரி துணைச்செடி சரியாக அமையாத கன்று, நோயே இல்லாமல் மஞ்சளித்து இலை சிறுத்து நிற்கும். துத்தநாகக் குறைபாடு, சிலந்திப்பேன், பக்கத்து வயலில் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்து படுவது என்று இலையைச் சிறுக்க வைக்கும் காரணங்கள் இன்னும் பல. அதனால்தான் சோதனை.

பழைய புத்தகத்துல இது வைரஸ்னு போட்டிருக்கு. நீங்க பாக்டீரியாங்கறீங்க. எது சரி?

பாக்டீரியாதான். இந்த நோய் முதலில் 1899இல் குடகில் பதிவானது. 1917இல் மைசூர் சமஸ்தானத்தில் பணியாற்றிய கோல்மன், நோயுற்ற கிளையை நல்ல மரத்தில் ஒட்டுக்கட்டினால் நோய் தொற்றுகிறது என்று காட்டினார். ஆனால் நுண்ணோக்கியில் கிருமி எதுவும் கண்ணில் படவில்லை. தொற்றுகிறது, ஆனால் தெரியவில்லை என்றால் அந்தக் காலத்தில் வைரஸ் கணக்கில் எழுதிவிடுவார்கள். அரை நூற்றாண்டு அப்படியே ஓடியது.

1967இல் ஜப்பானில் முசுக்கட்டைச் செடியின் குட்டை நோயை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், இலையில் தயாராகும் உணவைச் செடி முழுக்கக் கொண்டுபோகும் உணவுக்குழாய்த் திசுவுக்குள் (ஃபுளோயம்) செல்சுவர் இல்லாத நுண்ணுயிர்களைக் கண்டார்கள். இரண்டே ஆண்டில், 1969இல், சந்தனத்திலும் அதே மாதிரி உருவங்கள் கண்டறியப்பட்டன. டெட்ராசைக்ளின் கொடுத்தால் அறிகுறி தணிந்தது. வைரஸ் டெட்ராசைக்ளினுக்கு அடங்காது. இன்று இந்தக் கூட்டத்துக்குப் பெயர் ஃபைட்டோபிளாஸ்மா.

செல்சுவரே இல்லைன்னா அதை எப்படி பாக்டீரியான்னு சொல்றீங்க?

பரம்பரையை வைத்துத்தான். இவற்றின் மூதாதைகள் சுவர் உள்ள பாக்டீரியாக்கள். பிற்பாடு சுவரை இழந்தவை. மரபணு வரிசையை ஒப்பிட்டால் இது தெளிவாகவே தெரிகிறது. பெனிசிலின் செல்சுவர் உருவாவதைத் தடுக்கும் மருந்து, அதனால் இவற்றை ஒன்றும் செய்யாது. டெட்ராசைக்ளின் புரத உற்பத்தியைத் தடுப்பது, அதனால் வேலை செய்யும்.

லேப்ல தட்டுல வளர்த்துப் பார்த்துப் பேர் சொல்ல முடியாதா? எதுக்கு இத்தனை சிரமம்?

முடிந்தால் எப்போதோ செய்திருப்பார்கள். ஃபைட்டோபிளாஸ்மா செடியின் உணவுக்குழாயிலும், சாறு குடித்து அதைப் பரப்பும் தத்துப்பூச்சியின் உடம்பிலும் மட்டுமே வாழும். இதன் ஜீனோம், அதாவது மொத்த மரபணுத் தொகுதி, சுமார் 5 லட்சம் முதல் 13 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகளுக்குள் அடங்கிவிடும், ஆய்வகங்களின் பழைய நண்பனான ஈ.கோலைக்கு 46 லட்சம். ஆற்றல் மூலக்கூறு செய்யும் முக்கிய நொதியின் மரபணுக்கள்கூட இதில் இல்லை, எல்லாமே இரவல். ஊட்ட ஊடகத்தில் வளர்த்ததாக அவ்வப்போது செய்தி வந்தாலும், எந்த ஆய்வகமும் எடுத்துச் செய்யக்கூடிய வழக்கமான முறையாக அது ஆகவில்லை.

மற்ற பாக்டீரியாக்களுக்கு நிறம், வடிவம், எந்தச் சர்க்கரையை நொதிக்கவைக்கும் என்றெல்லாம் பார்த்துப் பெயர் வைத்தார்கள். இங்கே தட்டில் எதுவும் இல்லை, ஆகவே மரபணு ஒன்றுதான் கையில் இருக்கும் அடையாளம். மற்ற நோய்களில் மரபணுச் சோதனை கூடுதல் வசதி என்றால், இங்கே அதைத் தவிர வேறு வழியே கிடையாது.

கொரோனாவுக்கு மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்களே, அந்த பி.சி.ஆர். தானா இதுவும்?

அடிப்படை அதேதான். கொரோனா கிருமியில் இருப்பது ஆர்.என்.ஏ., அதை முதலில் டி.என்.ஏ.வாக மாற்ற ஒரு படி அதிகம். இங்கே நேரடியாக டி.என்.ஏ. பிரைமர் என்ற இரண்டு சிறு துண்டுகள் கிருமியின் மரபணுவில் குறிப்பிட்ட இரு முனைகளைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் உள்ள பகுதி சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாகும்.

ஆனால் மூக்கில் குச்சி விடுவதுபோல் எளிதாக மரத்தில் எடுக்க முடியாது. இலையில் இருக்கும் டி.என்.ஏ.வில் மிகப் பெரும்பகுதி மரத்துடையது, கிருமியுடையது துளியூண்டு. அதனால் பி.சி.ஆரை இரண்டு தடவை செய்வது வழக்கம். முதலில் பி1, பி7 பிரைமர்களை வைத்துச் சுமார் 1,800 எழுத்து நீளத் துண்டு. அதை நீர்க்கவைத்து, உள்ளே பொருந்தும் இன்னொரு ஜோடியை வைத்துச் சுமார் 1,200 எழுத்துத் துண்டு. இதற்கு நெஸ்டட் பி.சி.ஆர். என்று பெயர்.

எல்லா பேப்பர்லயும் 16எஸ், 16எஸ்னு வருதே, அது என்ன சார்?

புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஒரு பாகத்தை உண்டாக்கும் மரபணு, சுமார் 1,500 எழுத்து. எல்லா பாக்டீரியாவுக்கும் இது உண்டு. சில பகுதிகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் பிரைமர் வந்து உட்காரும். இடைப்பட்ட பகுதிகள் இனத்துக்கு இனம் மாறுவதால் யார் என்று சொல்லும்.

ஆனால் அது சொல்வதற்கு ஒரு வரம்பு உண்டு. 16எஸ் ஊரையும் தெருவையும் சொல்லும். கதவு எண்ணைச் சொல்லாது. இதை மறந்துவிட்டு எழுதிய ஆய்வறிக்கைகள் நிறைய உண்டு. பின்னால் வரும் பல கேள்விகள் இந்த ஒரு வரியிலிருந்து கிளைத்தவைதான்.

சாம்பிள் எதை எடுக்கணும்? காய்ஞ்ச கிளையை ஒடிச்சு கவர்ல போட்டு கூரியர்ல அனுப்பினா போதுமா?

போதாது. சோதனை வீணாவது பெரும்பாலும் இப்படித்தான். கிருமி உயிரோடிருக்கும் உணவுக்குழாய்த் திசுவில் மட்டுமே இருக்கும். காய்ந்த கிளையில் அது இல்லை. அறிகுறி இப்போது வந்துகொண்டிருக்கும் பச்சைக் கிளையாகத் தேர்ந்தெடுங்கள். இலையில் நடுநரம்பும் காம்பும்தான் வேண்டும். சந்தன இலையைக் கவிழ்த்துப் பிடித்து, பிளேடால் நடுநரம்பின் இருபுறமும் கீறினால் நரம்பு தனியாக வந்துவிடும்; இலைத்தகட்டை எறிந்துவிடலாம். இலை மிகவும் சிறுத்துப்போய் நரம்பு பிரிக்க வரவில்லையென்றால், இளங்கிளையின் மேல்தோலைச் சீவிவிட்டு, அடியிலுள்ள ஈரமான பட்டையைச் சுரண்டி எடுங்கள்.

மரம் முழுக்கக் கிருமி ஒரே அளவில் பரவியிருக்காது. ஒரு பக்கக் கிளையில் நிறைய, எதிர்ப்பக்கத்தில் சுத்தமாக இல்லை என்பதெல்லாம் சகஜம். பருவத்துக்குப் பருவமும் மாறும். அதனால் ஒரே மரத்தில் மூன்று நான்கு கிளைகளிலிருந்து எடுத்துத் தனித்தனியாகப் பெயரிடுங்கள். அதே தோட்டத்தில் நன்றாக இருக்கும் ஒரு மரத்திலிருந்தும் கட்டாயம் எடுக்க வேண்டும். நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பிளாஸ்டிக் கவரில் ஈரத்தோடு கட்டினால் இரண்டு நாளில் அழுகி, அழுகல் பாக்டீரியாவின் டி.என்.ஏ.தான் மிஞ்சும். காகிதத்தில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புங்கள், அல்லது நரம்புத் துண்டுகளைச் சிலிக்கா ஜெல்லில் போட்டு உலர்த்தி அனுப்புங்கள். கோயம்புத்தூரில் வன மரபியல் நிறுவனம், மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி, பெங்களூரில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவை மர ஆராய்ச்சி நடக்கும் இடங்கள். சாம்பிள் வாங்கிக்கொள்வார்களா, எந்த வடிவில் வேண்டும் என்று முதலில் விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.

ஒரே மரம். ஒரு லேப்ல பாசிட்டிவ், இன்னொண்ணுல நெகட்டிவ். யாரை நம்பறது?

இரண்டுமே நேர்மையான முடிவாக இருக்கலாம். வெவ்வேறு கிளையிலிருந்து போயிருந்தால் முந்தைய பதிலே போதும். ஒரே கிளை என்றால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, டி.என்.ஏ. பிரித்தெடுத்த விதம். சந்தனத்தில் ஃபீனால் பொருள்களும் பசைச் சர்க்கரைகளும் அதிகம். திரவ நைட்ரஜனில் பொடித்து, சி.டேப் என்ற சோப்பு போன்ற பொருளின் கரைசலில் 65 டிகிரியில் வைத்து, குளோரோஃபார்ம் கொண்டு சுத்தம் செய்து கடைசியில் குழாயின் அடியில் படியும் உருண்டை வெள்ளையாகவோ கண்ணாடி போலவோ இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் ஃபீனால் கூடவே வந்துவிட்டது என்று பொருள். அது பி.சி.ஆர். நொதியை முடக்கிவிடும், கிருமி இருந்தாலும் நெகட்டிவ் காட்டும். இதைப் பிடிப்பதற்கு ஒரு வழி: மரத்தின் சொந்த மரபணு ஒன்றையும் அதே டி.என்.ஏ.வில் பெருக்கிப் பார்ப்பது. அதுவும் வரவில்லையென்றால் அந்த நெகட்டிவ் செல்லாது.

இரண்டாவது, ஒற்றைச் சுற்றா நெஸ்டடா என்பது. நெஸ்டட் மிகக் குறைந்த கிருமியையும் பிடித்துவிடும். மூன்றாவது, அதே காரணத்தால் வரும் ஆபத்து. முதல் சுற்றுக் குழாயைத் திறக்கும்போது கோடிக்கணக்கான பிரதிகள் காற்றிலும் கையுறையிலும் படியலாம். அடுத்த சாம்பிளில் ஒரு பிரதி விழுந்தாலும் பொய்ப் பாசிட்டிவ். எனவே முடிவை மட்டும் கேட்காதீர்கள், பெருகிய டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் ஜெல் படத்தைக் கேளுங்கள். வெறும் தண்ணீர் போட்ட வரிசையும் நல்ல மரத்தின் வரிசையும் காலியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீரிலேயே பட்டை தெரிந்தால் அந்த முழு ஜெல்லையும் ஒதுக்கிவிடலாம்.

ஜெல்ல சரியான அளவுல பேண்ட் வந்துடுச்சு. அதுவே போதுமே, எதுக்கு சீக்வென்ஸிங் செலவு?

ஏனென்றால் இலையின் பசுங்கணிகமும் ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்ததுதான். அதற்கும் சொந்தமாக 16எஸ் மரபணு உண்டு. ஃபைட்டோபிளாஸ்மா பிரைமர்கள் சில சமயம் அதையும், இலைமேல் வாழும் பேசில்லஸ் பாக்டீரியாவையும் பிடித்து, ஏறத்தாழ அதே அளவில் பட்டை காட்டிவிடும். இது பலருக்கு நடந்திருக்கிறது. வரிசையைப் படித்தால் ஐந்து நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மாணவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: சீக்வென்ஸ் வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு உச்சிகள் தெரிந்தால் உடனே கலப்புத் தொற்று என்று எழுதிவிட வேண்டாம். ஃபைட்டோபிளாஸ்மாவில் இந்த மரபணு இரண்டு பிரதிகள் உண்டு, அவை சிறு வித்தியாசத்தோடு இருக்கலாம். குளோன் செய்து தனித்தனியாகப் படித்தால்தான் தெரியும்.

ரிப்போர்ட்ல "கேண்டிடேட்டஸ் ஃபைட்டோபிளாஸ்மா ஆஸ்டெரிஸ், 16எஸ்ஆர் 1-பி"ன்னு வந்திருக்கு. தமிழ்ல சொல்லுங்க.

வளர்க்க முடியாத பாக்டீரியாவுக்கு முழு அங்கீகாரப் பெயர் கிடையாது. கேண்டிடேட்டஸ் என்பது தற்காலிகப் பெயர் என்பதற்கான முன்னொட்டு. ஆஸ்டெரிஸ் என்பது இனம். 1 என்பது 16எஸ் அடிப்படையில் பிரித்த முதல் குழு (ஆஸ்டர் மஞ்சள் குழு என்றும் சொல்வார்கள்), பி அதன் துணைக்குழு. 2006இல் இந்தியச் சந்தன ஸ்பைக் கிருமி இந்த வகையோடு சேர்ந்தது என்று கண்டறிந்து வெளியிட்டார்கள். ஆகவே இது எதிர்பார்த்த முடிவுதான், பயப்பட ஒன்றும் இல்லை. மரத்துக்கு நல்ல செய்தி என்றும் சொல்ல முடியாது.

குழு பிரிக்க, 1,200 எழுத்துத் துண்டைப் பல வெட்டு நொதிகளால் நறுக்கி, துண்டுகளின் அமைப்பைப் பார்ப்பார்கள். இப்போது 17 நொதிகளின் வெட்டையும் கணினியிலேயே செய்து காட்டும் மென்பொருள் உண்டு. இனத்தின் எல்லை வேறு கணக்கு. 2004இல் 16எஸ் ஒற்றுமை 97.5 சதவீதத்துக்குக் கீழே போனால் புது இனம் என்று வைத்தார்கள். 2022இல் அதை 98.65 என்று உயர்த்தினார்கள். பழைய கட்டுரையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது இந்த மாற்றத்தை நினைவில் வையுங்கள். கிருமி மாறவில்லை, கோடு நகர்ந்திருக்கிறது.

எங்க கத்தரித் தோட்டத்துல சிற்றிலை நோய் இருக்கு, பக்கத்துல சந்தனம். கத்தரியிலேர்ந்துதான் வந்திருக்குமோ?

கத்தரிச் சிற்றிலையும் ஃபைட்டோபிளாஸ்மா நோய்தான், எள்ளில் பூ இலையாக மாறுவதும் அதேதான். ஆனால் இந்தியாவில் கத்தரியில் அதிகம் கிடைப்பது ஆறாவது குழு. அறிகுறி அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் கிருமி வேறு. உங்கள் கத்தரியில் ஆறும் சந்தனத்தில் ஒன்றும் வந்தால் கத்தரி மேல் பழி இல்லை.

இரண்டிலுமே 1-பி வந்தால்? அப்போதும் முடிவு கட்ட முடியாது. மேலே சொன்ன கதவு எண் சிக்கல் இதுதான். 1-பி உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான செடிகளில் இருக்கிறது. ஒரே கிருமிதானா என்று பார்க்க வேகமாக மாறும் மரபணுக்கள் வேண்டும்: செக்-ஒய், செக்-ஏ, டஃப், ரைபோசோம் புரத மரபணுக்கள். இவை எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் சந்தேகம் வலுக்கும். அதன் பிறகும் ஒரு பூச்சி இங்கிருந்து அங்கே கொண்டுபோகிறதா என்று காட்ட வேண்டும்.

ஒரு சின்னக் கிருமி எப்படி இலையோட வடிவத்தையே மாத்துது?

தன்னிடமிருந்து சில புரதங்களைச் செடிக்குள் விடுகிறது. அதே ஆஸ்டர் மஞ்சள் குழுவின் ஒரு கிருமியில் சாப்11 என்ற புரதத்தை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். இலை வளர்ச்சியையும் கிளைப்பையும் கட்டுப்படுத்தும் செடியின் புரதங்களை அது குலைத்துவிடுகிறது. விளைவு, அடக்கி வைத்திருந்த மொட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்துத் துடைப்பம் போலக் கிளைக்கும். சாப்54 என்ற இன்னொன்று பூவை உருவாக்கும் புரதங்களைக் குறிவைக்கிறது. அதனால்தான் பூ இலையாகிறது. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறு ஆய்வகச் செடிகளில் நடந்தவை.

பி.சி.ஆர். பாசிட்டிவ், சீக்வென்ஸும் சரி. அப்ப இதுதான் நோய்க்குக் காரணம்னு தீசிஸ்ல எழுதிடலாமா?

"தொடர்புடையது" என்று எழுதுங்கள். நுண்ணுயிரியல் முன்னோடி ராபர்ட் காக் வகுத்த பழைய விதி கறாரானது: நோயாளியிடமிருந்து கிருமியைப் பிரித்து, தனியே வளர்த்து, நல்ல உடம்பில் செலுத்தி, அதே நோய் வரவைத்து, மறுபடி அதே கிருமியை எடுக்க வேண்டும். நான்காவது பதிலில் சொன்ன காரணத்தால் இங்கே இரண்டாம் படியே நடக்காது.

சந்தனத்தில் வழக்கு வலுவாக இருப்பது பல சாட்சிகள் சேர்வதால். நோயுற்ற மரத்தில் கிருமி இருக்கிறது, நல்ல மரத்தில் இல்லை. ஒட்டுக்கட்டினால் நோயும் கிருமியும் சேர்ந்தே போகின்றன. டெட்ராசைக்ளினுக்கு அடங்குகிறது, பெனிசிலினுக்கு அடங்குவதில்லை. நுண்ணோக்கியும் உதவும். டாப்பி சாயம் டி.என்.ஏ.வில் ஒட்டி நீலமாக ஒளிரும். உணவுக்குழாய்த் திசுவின் முதிர்ந்த சல்லடைக் குழாயில் உட்கருவே கிடையாது என்பதால் அங்கே ஒளிர்வது எதுவானாலும் வெளியாள்தான்.

இதில் ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், புது மரத்தில் புது நோய் வரும்போது முதலில் கிடைத்த பாக்டீரியாவைக் குற்றவாளியாக்கும் பழக்கம் பரவிவிட்டது. இங்கிலாந்தில் ஓக் மரங்களின் தண்டில் வரும் நோயில் ஒன்றுக்கு மேற்பட்ட பாக்டீரியாக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன, வண்டு ஒன்றும் கூட இருக்கிறது. ஒற்றைப் பெயரைத் தேடியிருந்தால் பாதிக் கதைதான் கிடைத்திருக்கும்.

தத்துப்பூச்சியைப் பிடிச்சு டெஸ்ட் பண்ணினோம், அதுலயும் பாசிட்டிவ். பரப்புறது இதுதானே?

நோயுற்ற மரத்தில் சாறு குடித்த எந்தப் பூச்சியின் வயிற்றிலும் கிருமியின் டி.என்.ஏ. இருக்கும். பரப்ப வேண்டுமென்றால் கிருமி குடலைத் தாண்டி, உடல் திரவத்தில் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். உமிழ்நீர்ச் சுரப்பியைத் தனியே எடுத்துச் சோதிக்கலாம். அதைவிடச் சிறந்தது, அந்தப் பூச்சிகளை வலைக்கூண்டுக்குள் நல்ல கன்றில் விட்டு, பிறகு கன்றுக்கு நோய் வருகிறதா என்று பார்ப்பது. சந்தனத்துக்குப் பல தத்துப்பூச்சிகளின் பெயர் பல காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அவற்றில் சந்தேகத்தையும் நிரூபணத்தையும் பிரித்துப் படியுங்கள்.

எங்க ஊர் வேப்பமரம் எல்லாம் நுனி கருகி நிக்குது. அதுவும் இதே கிருமியா?

பெரும்பாலும் இல்லை. வேம்பின் நுனிக் கருகலில் முக்கியமானது ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சை. தேயிலைக் கொசு என்று சொல்லப்படும் நாவாய்ப்பூச்சி சாறு உறிஞ்சுவதாலும் துளிர் கருகும். மழைக்குப் பிறகு பல மரங்கள் தானாகவே துளிர்த்துவிடுகின்றன. தென்னையிலும் இதே குழப்பம் உண்டு: கேரள வேர் வாடல் நோய் ஃபைட்டோபிளாஸ்மா, தஞ்சாவூர் வாடல் நோய் கானோடெர்மா என்ற பூஞ்சை. பெயரில் இரண்டும் வாடல்தான். பூஞ்சை நோய்க்கு 16எஸ் சோதனை செய்தால் காசுதான் போகும்.

எல்லா பாக்டீரியா மர நோய்க்கும் இதே முறைதானா?

வளர்க்கக்கூடிய பாக்டீரியா என்றால் வேலை எளிது. வாடல் உண்டாக்கும் ரால்ஸ்டோனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிய தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீர் டம்ளரில் தொங்கவிட்டால், வெட்டுவாயிலிருந்து பால் இழை போலக் கிருமி கசிந்து இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதைத் தட்டில் வளர்த்து, தனிக் குடியிருப்பாக எடுத்து, பிறகு மரபணு பார்க்கலாம். காக் விதியையும் நிறைவேற்றலாம்.

இதில் சுவையான கதை கிராம்பு. கிராம்பு மரம் மலுக்குத் தீவுகளைச் சேர்ந்தது. இந்தோனேசியாவில் அதைக் கொன்ற சுமத்ரா நோயின் கிருமியை முதலில் சூடோமோனாஸ் என்றார்கள், பிறகு ரால்ஸ்டோனியா என்றார்கள். 2014இல் ரால்ஸ்டோனியா கூட்டத்தை மூன்று இனங்களாகப் பிரித்தபோது, கிராம்புக் கிருமியும் அந்த நாட்டு வாழையைத் தாக்கும் ரத்த நோய்க் கிருமியும் சிசீஜியை என்ற ஒரே இனத்தின் துணையினங்கள் ஆயின. ஒன்று மரத்தில், ஒன்று வாழையில்; அறிகுறியை மட்டும் பார்த்தவர்கள் இவற்றை உறவாக நினைத்திருக்க மாட்டார்கள். சாந்தோமோனாஸ் போன்றவற்றில் 16எஸ் இனங்களைப் பிரிக்கவே திணறும். அங்கே கைர்-பி போன்ற மரபணுக்களைச் சேர்த்துப் படிப்பார்கள்.

முழு ஜீனோமையே படிச்சுட்டா இந்தச் சண்டையெல்லாம் தீர்ந்துடுமே?

நிறையத் தீரும். இரண்டு ஜீனோம்களின் சராசரி ஒற்றுமை ஏறத்தாழ 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒரே இனம் என்பது இப்போது பொதுவான அளவுகோல். ஃபைட்டோபிளாஸ்மாவில் முதல் முழு ஜீனோம் 2004இல் வந்தது, ஜப்பானில் வெங்காய மஞ்சள் நோய்க் கிருமி, சுமார் 8,60,000 எழுத்து.

இடைஞ்சல் என்னவென்றால், வளர்க்க முடியாததால் மரத்தின் டி.என்.ஏ.வோடு சேர்த்தே படித்து, அதிலிருந்து கிருமியைப் பொறுக்கி எடுக்க வேண்டும். படித்ததில் பெரும்பங்கு சந்தனமாகத்தான் இருக்கும். திரும்பத் திரும்ப வரும் துண்டுகளும் இந்த ஜீனோமில் அதிகம் என்பதால் கோக்கும்போது இடைவெளி விழும். ஒரு விவசாயியின் கேள்விக்கு இது தேவையில்லை. எந்தக் காட்டிலிருந்து எந்தக் காட்டுக்குப் பரவியது என்ற கேள்விக்குத் தேவை.

தோட்டத்துலயே வெச்சுப் பார்க்கிற மாதிரி கிட் எதுவும் இல்லையா?

லாம்ப் என்ற முறை அதற்கு ஏற்றது. பி.சி.ஆர். போல வெப்பத்தை ஏற்றி இறக்க வேண்டாம். 60 முதல் 65 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். இலைச்சாற்று அழுக்கையும் ஓரளவு தாங்கும். ஆனால் ஆம், இல்லை என்பதோடு சரி, எந்தக் குழு என்று சொல்லாது. எட்டாவது பதிலில் சொன்ன கசிவு ஆபத்து இதில் இன்னும் அதிகம், குழாயைத் திறக்கவே கூடாது. முதல் வடிகட்டலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாசிட்டிவ்னு வந்துடுச்சு. ஊசி போட்டுக் காப்பாத்த முடியுமா, இல்ல வெட்டிடணுமா?

தண்டில் டெட்ராசைக்ளின் ஏற்றினால் புது இலைகள் இயல்பாக வரும், பார்க்க நம்பிக்கையாக இருக்கும். சில மாதங்களில் அறிகுறி திரும்பிவிடும். காட்டளவில் இது தீர்வு அல்ல. என்னைக் கேட்டால், தோப்பில் ஒரு மரத்தைக் காப்பாற்ற ஆன்டிபயாடிக் ஏற்றிக்கொண்டே இருப்பது, அந்த மரத்தைப் பக்கத்து மரங்களுக்கு ஊற்றாக வைத்திருப்பது.

அகற்றுவதுதான் வழி. ஆனால் கோடரியை எடுக்கும் முன் இரண்டு விஷயம். 2002 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் பட்டா நிலச் சந்தனம் உரிமையாளருக்கே சொந்தம். ஆனாலும் வெட்டுவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், ரிப்போர்ட்டோடு போய்க் கேளுங்கள். இன்னொன்று, மரத்தைச் சாய்த்தவுடன் அதிலிருந்த தத்துப்பூச்சிகள் பக்கத்து மரத்துக்குத் தாவும். முதலில் பூச்சியைக் கட்டுப்படுத்திவிட்டு வெட்டுங்கள். வேர்களையும் தோண்டி எடுக்க வேண்டும். விட்டால் வேரிலிருந்து வரும் புதுக் கன்றுகள் நோயோடேயே முளைக்கும்.

நர்சரிக்காரர் "எங்க கன்னு எல்லாம் பி.சி.ஆர். நெகட்டிவ்"னு சர்டிஃபிகேட் காட்டறார். நம்பி வாங்கலாமா?

எத்தனை கன்றில் எத்தனையைச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு கன்றையும் சோதிக்க யாருக்கும் கட்டுப்படியாகாது; பல கன்றுகளின் இலையை ஒன்றாக அரைத்துச் சோதித்திருந்தால் ஒன்றிரண்டு நோய்க் கன்றின் டி.என்.ஏ. நீர்த்துப்போய்த் தெரியாமல் தப்பலாம். தொற்றிய புதிதில் கிருமி மிகக் குறைவு என்பதால் உண்மையான நெகட்டிவுக்கும் சீக்கிரம் எடுத்த நெகட்டிவுக்கும் ஜெல்லில் வித்தியாசம் தெரியாது. சோதித்த தேதியையும் பாருங்கள். அதன் பிறகு கன்று வலைக்குள் இருந்ததா, திறந்தவெளியில் பூச்சி வந்துபோகும்படி இருந்ததா என்பது சான்றிதழைவிட முக்கியம்.

வாங்கி நட்ட பிறகு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒவ்வொரு துளிர்ப்புக்கும் வரிசையாக நடந்து பாருங்கள். சிறுத்த துளிர் கண்ணில் பட்டால், துணைச்செடி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அந்தக் கிளையில் ரிப்பன் கட்டி, நடுநரம்பை எடுத்து அனுப்புங்கள்.